என் ரத்தப் பரிசோதனையை எரித்தவர்கள்

“பழைய ஃபைல் எங்கம்மா?” என்று கேட்டார் டாக்டரம்மா. தர்மபுரியில் ஒரு மருத்துவமனை. எனக்கு நான்காவது முறையாக நாள் தள்ளி ஏழு வாரம் ஆகியிருந்தது. மூன்று கருவை இழந்தவள் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் வந்து நின்றால் யாருக்கும் எரிச்சல் வரும். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

கடத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். கரு கலைந்தால், படுத்த பாயையும் கட்டியிருந்த சேலையையும் ஏரிக்கரையில் போட்டு எரித்துவிடுவார்கள். ஆஸ்பத்திரிக் காகிதங்களும் அதோடு போய்விடும். வீட்டில் இருந்தால் அடுத்த கருவையும் இழுத்துக்கொண்டு போகுமாம். மாமியார் அப்படித்தான் நம்பினார். மூன்று முறையும் எரித்தார். நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். ஆன்டிபாஸ்போலிபிட் ஆன்டிபாடி (நம் உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புப் புரதம், தவறிப்போய் நம் அணுக்களையே தாக்குவது) இருப்பதாக முடிவு வந்தது.

“கொழந்தைக்குப் போற ரத்தம் நஞ்சுக்கொடியில ஒறஞ்சு அடச்சிக்கும்மா. இதுக்கு ஊசி இருக்குது. முன்னாடி எப்பவாச்சும் இந்த டெஸ்ட் எடுத்தீங்களா?”

இல்லை என்று நான் சொல்வதற்குள் கணவர் வாயைத் திறந்தார். “ரெண்டாவது தடவ சேலத்துல எடுத்தாங்க மேடம். ரிசல்ட்ட நாந்தான் வாங்கியாந்தேன். இதே பேருதான் போட்டிருந்துச்சு. பன்னெண்டு வாரங்கழிச்சு இன்னொருக்கா எடுக்கணும்னாங்க. அதுக்குள்ள அம்மா எரிச்சிட்டாங்க. இவகிட்ட சொன்னா பயந்துக்குவான்னு வுட்டுட்டேன்.”

என் ரத்தம். அதில் என்ன இருக்கிறது என்று என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மூன்றாவது பிள்ளை ஐந்து மாதம் இருந்தது. உதைத்தது. அப்போதே ஊசி போட்டிருந்தால் பிழைத்திருக்கலாம். “சின்ன வயசுதான, அடுத்தது தங்கும்” என்று மூன்றாவதும் போனபோது அனுப்பிவைத்த எங்கள் ஊர் டாக்டரும் முன்பு என்ன பரிசோதனை செய்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் கணவரின் பக்கம் திரும்பவே இல்லை.

சேலத்து லேபுக்கு நானே போன் செய்தேன். மறுநாளே பழைய முடிவின் நகல் வந்துவிட்டது. ஒரு போன். இரண்டு வருஷமாக அதைச் செய்ய இந்த வீட்டில் யாருக்கும் கை வரவில்லை.

டாக்டரம்மா இரண்டு முடிவையும் சேர்த்துப் பார்த்து மருந்து எழுதினார். அன்றிலிருந்து தினமும் காலையில் ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) ஊசியை நானே வயிற்றில் குத்திக்கொண்டேன். கூடவே ஒரு சின்ன ஆஸ்பிரின் மாத்திரை. வயிறெல்லாம் நீலமும் பச்சையுமாகக் கன்றிப்போனது. உரக்கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து பில் போடும் வேலை எனக்கு. சேலையின் கொசுவம் அந்த இடத்தில் பட்டாலே உயிர் போகும். ஓர் அமாவாசையன்று, இன்றைக்காவது புள்ளத்தாச்சி வயிற்றில் குத்தாதே என்று மாமியார் தடுத்தார்.

“அமாவாசன்னா ரத்தம் ஒறையாம நிக்குங்களா அத்தே?” என்று கேட்டுக்கொண்டே குத்தினேன். அவர் அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

எட்டரை மாதத்தில் மகள் பிறந்தாள். இரண்டு கிலோ. அவள் கத்திய கத்தலில்தான் எனக்கு மூச்சு வந்தது.

இதைப் படிக்கும் உங்களுக்கும் கரு தங்காமல் போயிருந்தால், இந்தப் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முடிவை உங்கள் கையாலேயே வாங்குங்கள். ‘நீ பயந்துக்குவ’ என்று சொல்பவர்களிடம் கொடுக்காதீர்கள்.

எனக்கு இது தீர்ந்துபோன நோய் அல்ல. அந்த ஆன்டிபாடி இப்போதும் என் ரத்தத்தில் ஓடுகிறது. கெண்டைக்கால் கொஞ்சம் வீங்கினாலும் ரத்தம் கட்டியிருக்குமோ என்று அழுத்திப் பார்க்கிறேன். மற்றவர்கள் மகளுக்கு இத்தனை மாதம் என்று சொல்லும்போது, மூன்றாவது இருந்திருந்தால் இந்நேரம் நடந்திருக்கும் என்று என் மனசு தனியாக ஒரு கணக்குப் போடுகிறது.

போன வாரம் தடுப்பூசி போடப் போயிருந்தோம். “மொதக் கொழந்தைங்களா?” என்று நர்ஸம்மா கேட்டார். மாமியார் அவசரமாக, “ஆமாங்க” என்றார்.

“இல்லீங்க. நாலாவது. மூணு தங்கல. என் ரத்தத்துல என்ன இருக்குதுன்னும் சொல்றேன், எழுதிக்குங்க.”

நர்ஸம்மா எழுதி முடிக்கும்வரை நான் அவர் மேசையை விட்டு நகரவில்லை.