இடப்பக்கத்து ரப்பர்

கட்டுகஸ்தோட்டை வீதியில் உதிரிப்பாகக் கடைக்காரர் என் காரின் வைப்பரைத் தூக்கிப் பார்த்தார். "ரப்பர் மட்டும் இப்ப வாற இல்ல மிஸ். முழுசாத்தான் மாத்தணும்" என்று புதிய வைப்பர் ஒன்றைக் கையில் தந்தார். உறையைப் பிரித்ததும் புது ரப்பர் வாசனை வந்தது. உங்களுக்குப் புதுப் புத்தக வாசனையில் பள்ளிக்கூடம் நினைவுக்கு வரலாம். எனக்கு அது இந்த வாசனையில்தான் வருகிறது. அதற்கு நிசாம் சேர்தான் காரணம்.

ஆசிரியையாக என் முதல் நியமனம் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு. வீடோ கண்டியில். பஸ்ஸில் போவதென்றால் விடிய ஐந்து மணிக்கு நிலையத்தில் நிற்க வேண்டும், பிறகு பஸ்ஸுக்குள்ளும் நிற்க வேண்டும். விஞ்ஞானம் படிப்பித்த நிசாம் சேரிடம் பழைய சாம்பல் நிறக் கார் ஒன்று இருந்தது. யாரும் கேட்காமலே, கண்டியிலிருந்து போன ஆசிரியர்கள் எங்கள் நான்கு பேரையும் ஏற்றிக்கொண்டார். பின்னால் உட்கார்ந்தால் முதல் வளைவிலேயே வாந்தி எடுப்பேன் என்பதால், எல்லோரிலும் சின்னவளான எனக்கு முன் இருக்கை. கமலா டீச்சரும் மற்ற இருவரும் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு வருவார்கள். வாந்திக்கும் ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது.

சேர் அந்தக் காரின் வைப்பரைப் பார்த்துக்கொண்டதுபோல் தம் உடம்பைப் பார்த்துக்கொண்டதில்லை. வெயிலில் நிறுத்தினால் இரண்டையும் கண்ணாடியில் படாமல் தூக்கி நிறுத்திவிடுவார். கிழமைக்கு ஒருமுறை சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் ரப்பர் விளிம்பைத் துடைப்பார். தேய்ந்துபோனால் ரப்பரை மட்டும் வாங்கி வந்து, பழையதற்குள் இருக்கும் இரண்டு மெல்லிய தகடுகளை உருவிப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் புதியதில் செருகுவார். நீட்டிக்கொண்டிருப்பதைச் சவர பிளேடால் நறுக்குவார். வாங்குவது எப்போதும் ஒன்றுதான். புதியது அவர் பக்கத்துக்கு, அங்கிருந்து கழற்றியது என் பக்கத்துக்கு. அதனால் மழை நாளில் நான் ரோட்டோரத்துப் பள்ளத்தைப் பார்த்ததே இல்லை. பயந்தாங்கொள்ளியான எனக்கு அது ஒரு வகையில் நல்லதாகவே போயிற்று.

மூன்றாம் வருஷம் ஐப்பசி மழையில் ஒரே மாதத்தில் மூன்று ரப்பர் மாற்றினார். "இந்த முற வந்த சாமான் சரியில்ல டீச்சர். மங்கலாவே ஈக்கி" என்று குறைப்பட்டார். கடைசியில் கோபம் வந்து, புதியதைக் கழற்றி என் பக்கம் போட்டுவிட்டு, என் பழையதைத் தம் பக்கம் மாட்டினார்.

மறுநாள் ஹிந்தகல தாண்டியதும் மழை பிடித்தது. அவர் ஆகாது என்று தள்ளிய அந்த ரப்பர் என் பக்கக் கண்ணாடியைக் கழுவிய பீங்கான்போல் துடைத்தது. எதிர்ச் சரிவில் கொழுந்து எடுப்பவர்களை எண்ணக்கூட முடிந்தது. பக்கத்தில் சேர், "இதும் சரியில்ல" என்றார். பிழை ரப்பரில் இல்லை, அவருடைய கண்ணில்.

பின்னால் இருந்த கமலா டீச்சருக்கும் விளங்கிவிட்டது. ஓய்வறையில் என்னைத் தனியே இழுத்து, "நீ வாய தொறந்துறாத. சேர் கார நிப்பாட்டிட்டா நாளைக்கே அஞ்சு மணிக்கு பஸ்ஸுக்கு நிக்கணும்" என்றார். எனக்கும் தூக்கம் பெரிதாக இருந்தது. இரண்டு கிழமை, பதினான்கு நாள், வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக, "சேர், பஸ் வருது", "சேர், மாடு நிக்கிது" என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஏதோ பெரிய உதவி செய்வதாக நினைப்பு வேறு.

பிறகு ஒரு காலை, மழையில் தலைக்குப் படங்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு பெண்கள் நான்கைந்து பேர் ரோட்டோரமாக நடந்து வந்தார்கள். நான் வாயெடுப்பதற்குள் கார் அவர்களிடம் போய்விட்டது. ஒரு பெண் தண்ணீர் ஓடிய ரோட்டோரக் கானுக்குள் பாய்ந்தார். சேர் பிரேக்கை அமுக்கினார். அந்த அம்மா எழுந்து, சாக்கை உதறி, எங்களை நன்றாகத் திட்டிவிட்டுப் போனார். ஒரு கீறல்கூட இல்லை.

சேர் வைப்பரைக் காட்டி, "இந்த ரப்பர்..." என்று தொடங்கினார்.

"ரப்பர்ல பிழை இல்ல சேர். உங்க கண்ண ஒருக்கா டாக்டருக்குக் காட்டுங்க" என்றேன்.

அவர் இறங்கினார். மழையில் நனைந்தபடி சுற்றி வந்து, என்னைச் சாரதி இருக்கைக்கு நகரச் சொல்லி, என் இடத்தில் உட்கார்ந்தார். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

"அங்கெருந்து பாத்தா என்ன வெளங்குது?"

"எல்லாம் நல்லா வெளங்குது சேர்."

அவர் இடப்பக்கக் கண்ணாடியைக் கையால் துடைத்துப் பார்த்து, "இங்கயும் மங்கல்தான்" என்றார். பிறகு, "என்ட கண்ணுல பிழை எண்டு எப்ப விளங்கினது ஒங்களுக்கு?" என்று கேட்டார்.

"இன்னைக்குத்தான் சேர்" என்றேன். பின் இருக்கையில் கமலா டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கண்டியில் சேருக்குக் கண் சத்திர சிகிச்சை நடந்தது. நாங்கள் பஸ்ஸில் போனோம், குடி முழுகிவிடவில்லை. குணமாகி மறுபடி காரை எடுத்த முதல் நாள், சேர் பள்ளத்தை எட்டிப் பார்த்து, "இந்த ரோட்டுலயா நான் இவ்வளவு காலம் ஓடின?" என்று மிரண்டுபோனார். அதன்பின் எங்கள் கார் ஊர்ந்துதான் போயிற்று. தினமும் பிந்தினோம், தினமும் சிரித்தோம். அப்படிச் சிரித்துக்கொண்டு நான் பிறகு எந்த வேலைக்கும் போனதில்லை.

அதற்குப் பிறகு எங்கே கண்டாலும், அதிபரிடம், என் கல்யாணத்தில் என் கணவரிடம், "என்ட பிழையக் கண்ட அண்டைக்கே மொகத்துக்கு நேரே செல்லின ஆள் இவ" என்பார். அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டுமே என்றுதான், பிற்காலத்தில் கூட்டங்களில் மற்றவர்கள் தலையைக் குனிந்திருந்தபோது நான் எழுந்து பேசியிருக்கிறேன். சில பிள்ளைகளுக்கு அதனால் நியாயம் கிடைத்தது. எனக்கில்லாத தைரியத்தை இருப்பதாக நம்பி எனக்கே தந்தவர் அவர்.

கமலா டீச்சர் இப்போது இல்லை. அந்தக் கார் எந்த ஊருக்குப் போனதென்று தெரியாது. சேர் போன நோன்பு மாதம் மௌத்தாகி அடக்கமானார். எத்தனையோ இடத்தில் வாயைத் திறந்தேன். அந்த இரண்டு கிழமையைப் பற்றி அவரிடம் மட்டும் சொல்லவே இல்லை.