பாடு மீறிய வலைகள்

எங்கள் ஆய்வகத்துக்கு இப்போது திசுத் துண்டுகள் முத்திரையிட்ட வெள்ளைப் பெட்டிகளில் வருகின்றன. அவற்றில் இறால் வாடை அடிப்பதில்லை என்பதுதான் எனக்குக் குறை. எண்பதுகளின் தொடக்கத்தில், சென்னையில் நான் சோதனைக்கூட வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு துண்டு சித்தப்பாவின் இறால் பெட்டியில் வந்தது. அடியில் தண்ணீர் வடிய ஓட்டையும் அதை அடைக்க ஒரு கட்டையும் உள்ள மரப்பெட்டி.

அந்தத் துண்டு அவர் மனைவி, ஏரிக்கரைக் கோட்டைக்குப்பத்துச் சின்னம்மாவின் மார்பிலிருந்து எடுத்த கட்டி. அதன் செல்களில் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிகள் இருந்தால் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை வேலை செய்யும். இல்லாவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். சூடு பட்டால் ஏற்பிகள் கெட்டுப்போகும் என்பதால் மருத்துவமனையிலிருந்து ஐஸில் கொண்டுவர வேண்டும். "நமக்குத் தெரியாத ஐஸா?" என்று சித்தப்பா கிளம்பிவிட்டார். பஸ்ஸில் மூன்று பேர் இறால் விலை கேட்டார்களாம். எங்கள் கூடத்தில் பெட்டியை இறக்கிய கையோடு அவர் கட்டையைப் பிடுங்க, தரையெல்லாம் வெள்ளம்! எங்கள் கூடத்தை நடத்திய டாக்டரம்மா புடவையைத் தூக்கிக்கொண்டு நாற்காலியில் ஏறிவிட்டார்.

"எட போடறதுக்கு முன்னால தண்ணி வடிக்கணும்ல?" என்றார் சித்தப்பா, அப்பாவியாக. நல்லவேளை, துண்டு இருந்த குப்பி மூடியோடு பத்திரமாக இருந்தது.

துண்டில் ஒட்டிய கதிரியக்க ஹார்மோனை எண்ணும் கருவி கடகடவென்று ஓடியபோது என் நெஞ்சும் கூடவே ஓடியது. ஏற்பிகள் இருந்தன, ஏராளமாக! பஸ் பிடித்து மருத்துவமனை வார்டுக்கு ஓடினேன். "சின்னம்மா, உன் கட்டி வலை போட்டு ஹார்மோனைப் பிடிச்சித் தின்னுது. மாத்திரை அந்த வலைய அடைச்சிடும்" என்றேன்.

"ஏரில யாரு எங்க, என்னிக்கி வலை போடறதுன்னு மொற வெச்சி பாடு இருக்குது, தலைவருங்க இருக்காங்க. எனுக்குள்ள மட்டும் இத்தினி வலைய போட வுட்டது யாரு? தலைவரு இன்னா, தூங்கிட்டாரா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். கேள்வியை அப்படியே டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன்; அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

எண்பதுகள் முடிவதற்குள் கட்டியை அடக்கும் மரபணுக்கள் பற்றிய செய்திகள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றும் இரண்டு பிரதிகள். ஒன்று போனாலும் மற்றொன்று காவல் காக்கும், பெரும்பாலும் இரண்டும் போனால்தான் ஆபத்து. செல் எத்தனை ஏற்பிகள் வைக்கலாம் என்பதிலும் அந்த மரபணுக்களில் சிலவற்றுக்குக் கை இருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று, நான் இருக்கையில் இருப்புக்கொள்ளாமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

சின்னம்மா கரையில் இறால் பிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அவளுடைய கட்டியில் எந்த மரபணு தூங்கியது என்று யாரும் சோதிக்கவில்லை, அதையும் சொன்னேன்.

"அப்ப தலைவருங்க ரெண்டு பேரா? ரெண்டு பேருமா தூங்குனாங்க?" என்றாள். "சரி வுடு. நான் முழிச்சினுதான் இருக்கேன்."

எனக்குக் கொடுத்தனுப்ப அதே பெட்டியில் இறால் நிரப்பியிருந்தாள். குனிந்து கட்டையை அவளே பிடுங்கினாள். தண்ணீர் என் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது.

"வடிஞ்சிடுச்சி. இப்ப எட போடு" என்றாள்.