பாறையில் வரைந்த அம்புக்குறி

கனகவல்லிக்கு ஒரு காலத்தில் நாய், இடி, கரப்பான்பூச்சி எல்லாமே பயம். ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரே பயம்தான் மிஞ்சியது: ஊரோரத்து லோத்குண்டா தாண்டி, ஏரிக்கு மழைநீர் கொண்டுவரும் கரட்டுக்காட்டை எவனாவது வளைத்துப்போட்டுவிடுவானோ என்பது. ஜனம் நடமாடினால் கை வைக்கமாட்டான் என்று, கூட வேலைபார்த்த சலீமோடு சேர்ந்து புதர் வெட்டி நடைபாதை போட்டாள். புதிதாக வருபவர்களுக்காகப் பாறைதோறும் வெள்ளை அம்புக்குறி வரைந்தாள்.

இன்று காலை, ஏரிக்குப் போகும் ஓடைக்குள் ஒரு லாரி மண் கொட்டிக்கொண்டிருந்தது. இருவரும் பாறைக்குப் பின்னால் பதுங்கினார்கள். அவள் கத்த வாயெடுத்தாள்.

“நக்கோ, வேணாம், கத்தாதீங்க,” என்று சலீம் கிசுகிசுத்தார். “இந்த முள்ளுக்காட்டுல ஓடைக்கு வழி எப்படித் தெரிஞ்சுது இவனுங்களுக்கு?”

அதற்குள் இரண்டாவது லாரி வந்து நின்றது. கிளீனர் இறங்கினான். பாறையில் அவள் வரைந்த அம்புக்குறியைப் பார்த்துவிட்டு, அது காட்டிய பக்கமாக டிரைவருக்குக் கையசைத்தான்.