பிரிகேடியர் தொட முடியாத லீவு

எனக்குக் கோவையாக எழுத வராது. அஞ்சாம் கிளாஸோடு நிறுத்திவிட்டார்கள். மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீனாக்காரன் சண்டைக்கு முந்தின வருஷம். தலைப்பிரசவத்துக்குத் தென்காசியில் அம்மா வீட்டில் இருந்தேன். எங்க வீட்டுக்காரர் பட்டாளத்தில் நாயக், கையில் ரெண்டு பட்டை. லீவில் வந்திருந்தார். ஆனால் பிள்ளை பிறக்கும் முன்னே லீவு முடிந்துவிடும் போலிருந்தது. பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்று அவருக்கு ஆசை. எனக்கும்தான். ரெண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

சாரல் காலம் அது. குற்றாலத்து பங்களா ஒன்றில் ஒரு பிரிகேடியர் குடும்பத்தோடு வந்து தங்கியிருப்பதாக அப்பா கேள்விப்பட்டு வந்தார். அப்பா தாலுகா ஆபீஸில் பியூன். கலெக்டர் ஜீப் வந்து நின்றால் தாசில்தாரே எழுந்து வாசலுக்கு ஓடுவதைப் பார்த்துப் பழகியவர்.

"மாப்பிள்ளை, உங்க மேஜரைவிட இவரு பெரியவருல்லா? ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது."

"பெரியவர்தான் மாமா. எதிர்ல பார்த்தா சல்யூட் அடிப்பேன். ஆனா அவர் வேற பிரிகேடு. என் லீவு எங்க கம்பெனி மேஜர் கையில இருக்கு."

"என்ன பட்டாளமோ, போங்க!"

மறுநாள் எங்க வீட்டுக்காரர் கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து அப்பா என்னைக் குதிரை வண்டியில் ஏற்றிவிட்டார். என் வயிற்றைப் பார்த்தால் அதிகாரிக்கு மனசு இளகுமாம். ஒரு கூடை மங்குஸ்தான் வேறு. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

பங்களா வாசலில், ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு ஒருத்தர் நின்றார். "அய்யா உள்ள இருக்காகளா?" என்று அப்பா அவரிடமே கேட்டார்.

"நான்தான், சொல்லுங்க."

அப்பா கூடையை நீட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

"இந்த லீவை நான் தொடமுடியாதுங்க. உங்க மாப்பிள்ளை என் ஆளு இல்லையே. நான் சொன்னா, 'என் கம்பெனியில இவருக்கு என்ன வேலை?'ன்னு அந்த மேஜர் கேட்பார். கேட்கத்தான் வேணும். நான் குளிக்க வந்த இந்த லீவே எங்க ஜெனரல் குடுத்ததுதான். மேஜருக்கு ஒரு தந்தி அடிக்கச் சொல்லுங்க."

ஒரே ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு கூடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வண்டியில் அப்பா முணுமுணுத்துக்கொண்டே வந்தார்: "அப்பம் எதுக்கு ஏட்டி அவரைப் பெரியவருன்னு சொல்லுதாக?"

வீட்டில் சங்கதி தெரிந்ததும் எங்க வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. அப்பாவைப் பார்த்த பிறகு சிரித்துவிட்டார். "சண்டைன்னு வந்தா அவர் ஒரு சொல்லுக்கு மூணு பட்டாலியன் நகரும் மாமா. அந்த மூணுல நான் இல்ல, அவ்வளவுதான்."

அன்றைக்கே தந்தி அடித்தார். தெருவில் சைக்கிள் மணி கேட்டாலே நான் வாசலுக்குப் போய்விடுவேன். கடைசியில் பதில் வந்தது, மேஜர் லீவை நீட்டியிருந்தார். அப்பா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சின்ன அதிகாரி குடுத்தது செல்லும்லா மாப்பிள்ளை?"

"இதுதான் மாமா செல்லும்."

பெண் பிறந்தாள். சாரலில் துணி ஒன்றும் காயாது. கங்குச் சட்டிக்கு முன்னால் குத்தவைத்து, பிள்ளைத் துணிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அவரே காயவைத்தார். அந்தப் புகைவாசனை இப்போதும் என் மூக்கில் நிற்கிறது. லீவு முடிந்து ரயிலேறியபோது அவர் சட்டையிலும் அதுதான் இருந்தது.

பிரிகேடியருக்குக் கீழே மூன்று பட்டாலியன் என்றுதான் அவர் சொன்னதாக ஞாபகம். பட்டாளத்தில் இருந்தவர்கள் யாராவது பார்த்து, பிசகு இருந்தால் திருத்திவிடுங்கள்.