ரயில் மேட்டில் முள் வேலி

என் கையெழுத்து கோணலாக இருக்கும். பிழைகளும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன் நான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியது. யுத்த சமயத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். மண்மேடு மட்டும் எங்கள் ஊர் நிலங்களுக்கு நடுவே கிடந்தது. சந்தைக்குப் போகிறவர்கள் நடந்து நடந்து அதன் மேல் தடம் விழுந்திருந்தது. சைக்கிளும் போகும்.

சின்ன வயதிலேயே எனக்கு இடது கால் சூம்பிவிட்டது. வலது காலால் மட்டும் மிதிப்பேன். இடது பாதம் நழுவாமலிருக்கப் பெடலோடு துணியால் கட்டிக்கொள்வேன். தார் ரோட்டில் ஏற்றம் வந்தால் வண்டி நின்றுவிடும். ரயில் மேட்டில் ஏற்றமே தெரியாது. வேடிக்கை பார்க்கவும் அங்கே ஆளில்லை. அந்த வழியாகத்தான் பல வருஷம் தர்மபுரியில் ஒரு பாயின் தையல் கடைக்குப் போய்வந்தேன். காஜா எடுப்பேன், பட்டன் கட்டுவேன். என் வேட்டியை நானே வாங்கிக் கட்டினேன்.

எழுபதாம் வருஷம் ஆடியில் என் அண்ணன் எங்கள் நிலத்தை ஒட்டிய மேட்டை உழுது, தடத்தின் குறுக்கே முள் வெட்டிப்போட்டு அடைத்துவிட்டார். சுற்றிப் போக வேறு தடமில்லை. ரோடுதான்.

"அண்ணா, ஒரு சைக்கிள் போற அகலம் வுடுங்க, போதும்," என்றேன்.

கூலியாட்கள் எதிரிலேயே அண்ணன் சிரித்தார். "உனக்கு வுட்டா ஊரே பின்னாடி வரும். டவுன்ல அப்படி என்னடா கலெக்டர் உத்தியோகம்? ஊரான் சட்டைக்கு ஓட்டை போடறது. வூட்டுல இருந்து மாட்டைப் பாரு. சோத்துக்கு என்ன கொறை வெச்சேன்?"

"ஓட்டை போட்டாத்தானுங்களே பட்டன் மாட்ட முடியும்," என்றாள் விதை போட வந்த ஒருத்தி. அண்ணன் முறைத்ததும் குனிந்துகொண்டாள். எனக்காக யாரும் பேசியது அவ்வளவுதான்.

ரோட்டில் போய்ப் பார்த்தேன். ஏற்றத்தில் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கடை சேரும்போது உச்சிப்பொழுதாகிவிடும். பாய் சில நாள் பொறுத்தார். பிறகு, "தம்பி, காலையில குடுக்கவேண்டிய துணிக்கு நீ மத்தியானம் வந்தா நான் என்ன பண்றது, சொல்லு?" என்றார். கோபமில்லாமல்தான் கேட்டார். தீபாவளிக்கு முன்பே என் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தார்.

மேட்டில் கடலை விளையவில்லை. உழுதால் ரயில்காரன் கொட்டிய ஜல்லிதான் வந்தது. மறுவருஷம் அண்ணன் அதில் விதைக்கவே இல்லை. வேலியையாவது எடுத்துவிடச் சொன்னேன்.

"போட்டது கெடக்கட்டும். எடுத்துட்டா மாட்டை யாரு பாக்கறது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இன்றுவரை அந்த வேலி இருக்கிறது. முள் இற்றுப்போனால் புதுசாக வெட்டிப் போடுகிறார்கள். உள்ளே மாடுகள் மேய்கின்றன, நான் பார்த்துக்கொள்கிறேன். என் சைக்கிளில் அண்ணன் மகன் டவுனுக்குப் போகிறான். வீட்டுக்கு விருந்தாளி வந்தால், "இவன நான்தான் வெச்சுக் காப்பாத்தறேன்," என்று அண்ணன் சொல்வார். அப்போது அண்ணி என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைப்பார்.

18-2-1979, ஞாயிறு.