கரியரில் ஏறிய புல்லு வெட்டும் எஞ்சின்

இந்த வயதில் எனக்கு எதற்கு எஞ்சின் பூட்டிய சைக்கிள் என்றுதானே கேட்கிறீர்கள்? உங்களுக்கு வேறு வேலை இல்லையா? அடுப்பில் சோறு கரிகிறதா என்று போய்ப் பாருங்கள். போகமாட்டீர்களா? சரி, அப்படியென்றால் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.

விசுவமடுவில் எங்கள் வீட்டிலிருந்து வாய்க்கால் கரையோடு மூன்று கட்டை தூரம் போனால் என் கச்சான் தோட்டம், நிலக்கடலைதான். முழங்கால் பிடிக்கத் தொடங்கியதிலிருந்து சைக்கிள் உழக்க முடியவில்லை. மகன் ஒருநாள் மெல்லக் கதையைத் தொடங்கினான்.

“அம்மா, இந்தமுறை காணியைக் குத்தகைக்குக் குடுப்பம். உங்களாலை போய்வர ஏலாது.”

“ஏலுமெண்டால்?”

“ஆரின்ரையும் உதவி இல்லாமல் திங்கக்கிழமை தோட்டத்துக்குப் போயிட்டு வாங்கோ. வந்தால் காணி உங்கடை பொறுப்பு. இல்லாட்டி நான் சொல்லுறதுதான்.”

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மண்ணில் கால் வைக்காவிட்டால் நான் கதிரையில் போட்ட தலையணைதான்.

சந்தியில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவரிடம் போனேன். மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். அவரிடம் தண்டு முறிந்த புல்லு வெட்டும் மெஷின் ஒன்று கிடந்தது. எஞ்சினுக்கு ஒரு பழுதும் இல்லை.

“தம்பி, இதை என்ரை சைக்கிளிலை பூட்டேலாதோ?”

“பூட்டலாம்மா. ஆனா நீங்க விழுந்தா ஒங்க மகன் என்னையில்ல அடிப்பாரு?”

“அடிக்கட்டும். நான் வந்து விலக்குப் பிடிக்கிறன்.”

கரியரில் எஞ்சினை இறுக்கி, அதன் முனையில் ஒரு இரும்பு உருளையைப் பூட்டினார். பக்கத்தில் பூட்டிய நெம்புகோலை இழுத்தால் உருளை பின் டயரில் அழுந்தும். உருளை சுற்றினால் டயரும் சுற்றும். அவ்வளவுதான் வித்தை. பெற்றோலில் ஒயில் கலந்து ஊற்றச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

சண்டை நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் பெற்றோலைக் கண்ணில் காண்பதே அரிது. எந்த எஞ்சினுக்கும் நாலு துளி பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணுவோம், பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். அந்தப் புத்தி என்னை விட்டுப் போகவில்லை. அவர் தலை மறைந்ததும் டாங்கியில் மண்ணெண்ணெயை நிரப்பிவிட்டேன்.

நாலு துளி பெற்றோல் காட்டி இழுக்க எஞ்சின் பிடித்தது. கூடவே வெள்ளைப் புகை சந்தியையே மூடியது. “டெங்குப் புகை அடிக்க வந்திட்டினம், சட்டி பானையை மூடுங்கோ!” என்று யாரோ கத்த, படபடவென்று யன்னல்கள் சாத்துகிற சத்தம். பிறகு எஞ்சின் இருமி இருமி நின்றுபோயிற்று.

தேத்தண்ணியை விட்டுவிட்டு ஓடி வந்த பம்புக்காரர் பிளக்கைக் கழற்றி முகர்ந்து பார்த்தார்.

“மண்ணெண்ணெ வாடை வருதேம்மா?”

“காத்திலை வந்திருக்கும்.”

அவருக்குச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. டாங்கியைக் கழுவி, சொன்ன கலவையை ஊற்றி, காபரேற்றர் திருகாணியைத் திருப்பத் தொடங்கினார். இருபது வருசம் பம்பு எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் கட்டிய காது என்னுடையது. “கூடிப்போச்சு, குறையுங்கோ… இன்னும் ஒரு சொட்டு… விடுங்கோ, விடுங்கோ!” என்றேன். சத்தம் சீராகியது. ஒரு சுற்று ஓட்டிவிட்டு மறுபடி பிளக்கைப் பார்த்தோம். நல்ல தேத்தண்ணி நிறம்; அப்படியென்றால் கலவை சரி.

திங்கட்கிழமை காலை புறப்பட்டேன். பாதி வழியில் மதகடியில் தண்ணீர் வழிந்து கிடந்தது. டயர் நனைந்ததும் உருளை வழுக்கியது. எஞ்சின் கத்துகிறது, சைக்கிள் நகரவில்லை. உழக்கிப் பார்த்தேன், முழங்கால் உயிரை எடுத்தது. அந்த வழியால் வந்த உழவு இயந்திரக்காரன் நிறுத்தினான்.

“அம்மா, தள்ளி விடட்டோ?”

“கிட்ட வந்தால் கடிப்பன், போ!”

அவன் தள்ளினால் காணி போய்விடும். இறங்கி, சேலைத் தலைப்பால் டயரைச் சுற்றிவரத் துடைத்தேன். உலர்ந்த மணலை அள்ளித் தேய்த்தேன். நெம்புகோலை இன்னும் ஒரு பல் இறுக்கி இழுத்தேன். சைக்கிள் துள்ளிக்கொண்டு கிளம்பியது.

தோட்டத்தில் ஒரு கச்சான் செடியைப் பிடுங்கிக் கூடைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினேன். மகன் வாசல் படலையில் நின்றான். செடியை அவன் கையில் கொடுத்தேன். ஒரு கோதை உடைத்துப் பருப்பை மென்றான்.

“முத்திட்டுது,” என்றான்.

“அப்ப காணி?”

“உங்கடைதான், அம்மா.”

பின்னேரம் அயல் சனமெல்லாம் சைக்கிளைப் பார்க்க வந்து, எப்படிப் போனாய், எப்படி வந்தாய் என்று குடைந்தார்கள். அவர்களுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: “நாளைக்குக் கச்சான் பிடுங்கோணும், எல்லாரும் வாங்கோ. நடந்துதான் வரோணும். கரியரிலை எஞ்சின் இருக்கு, உங்களுக்கு இடமில்லை.”