பழகின காய்ச்சல்

சாந்தோம் மாதாகோயில் பங்கில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய்மார்களுக்கு முகம் வெளுத்துவிடும். லூயிசா டீச்சருக்கு மட்டும் வெளுக்காது. அவள் மகள் அல்போன்சாவுக்கு ஆறு வயதுக்குள் எட்டுத் தடவை மலேரியா வந்துபோயிருந்தது. முதல் இரண்டு தடவை பிழைப்பாளா என்றே இருந்தது. போகப்போக நடுக்கம் குறைந்தது. ஏழாவது தடவை காய்ச்சலோடேயே வாசலில் பாண்டி ஆடினாள். இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் மட்டும் கெட்டியாகக் கையில் தட்டுப்படும். "என் பொண்ணுக்கு இது பழகின காய்ச்சல்" என்று லூயிசா பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்வாள். புருஷனைப் பறிகொடுத்தவளுக்குப் பெருமை பேச வேறென்ன இருந்தது, பாவம்!

42-ல் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியது. கொடைக்கானல் மலையில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பள்ளியில் லூயிசாவுக்கு வேலை கிடைத்தது. வீட்டைத் தம்பி விக்டரிடம் ஒப்படைத்தாள். அவனிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கொல்லைக் கிணற்றின் பலகை மூடியைத் திறக்கக் கூடாது. மலேரியாக் கொசு கிணற்றுத் தண்ணீரில் முட்டையிடுகிறது என்று கார்ப்பரேஷன் ஆட்கள் சொல்லி, கிணற்றை மூடிக் கைப்பம்பு வைக்கச் செய்திருந்தார்கள். விக்டர் மாதா படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தான். மாதம் தவறாமல் கடிதமும் போட்டான். கிணறு மூடியே இருக்கிறது, கவலை வேண்டாம் என்று எழுதுவான்.

மலையில் கொசு இல்லை. ஏறக்குறைய இரண்டு வருஷம் பெண் ஒரு நாள்கூடச் சுருண்டு படுக்கவில்லை, கன்னம்கூட உப்பிவிட்டது. 44 தவக்காலத்தில் ஊர் திரும்பினார்கள். கிணற்றின் மேல் பலகை இருந்தது. லூயிசா தம்பியின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

மூன்றாவது வாரம் அல்போன்சாவுக்கு நடுக்கம் கண்டது. இரண்டு கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடியது.

"இன்னாக்கா இப்டி நடுங்குது? ரிக்‌ஷா கொண்டாரேன், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு போயிடலாம்" என்றான் விக்டர்.

"போடா, இவ எத்தனை பார்த்தவ! நிலவேம்பு குடுத்தா நாளைக்கு எழுந்து ஓடுவா" என்று லூயிசா சிரித்தாள்.

மறுநாளும் அவன் கேட்டான். மறுநாளும் அவள் சிரித்தாள். மூன்றாம் நாள் பெண் கண் செருகி, கூப்பிட்டதற்குப் பதில் இல்லாமல் கிடந்தபோதுதான் லூயிசா ரிக்‌ஷா கொண்டுவரச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். ரத்தமே இல்லாமல் வெளுத்திருந்தது.

"எட்டுத் தடவை வந்த காய்ச்சல் டாக்டர். இவ உடம்புக்குப் பழகினது" என்றாள் லூயிசா.

"பழகியிருந்தது வாஸ்தவம். திரும்பத் திரும்ப வந்தா, பிள்ளையோட ரத்தம் அந்தக் கிருமியைத் தெரிஞ்சு வச்சுக்கும். ஒழிக்காது, அடக்கி வைக்கும். கொசு கடிச்சுக்கிட்டே இருந்தாத்தான் அந்தக் காவல் நிக்கும். ரெண்டு வருஷம் கொசுவே இல்லாத ஊர்ல வச்சிருந்தீங்களே, உடம்பு மறந்துபோச்சு. இவ இப்பத்தான் முதல்முதலா மலேரியா பார்க்கிற மாதிரி." மேலும் சொன்னார்: "பிழைச்சாலும் கொஞ்ச நாளைக்கு வேற எந்த நோயையும் எதிர்க்கத் தெம்பு இருக்காது. அம்மை போட்ட வீட்டுப் பக்கம்கூட விட்டுடாதீங்க."

லூயிசாவுக்கு அந்தச் சின்ன உடம்பின் மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எட்டுத் தடவை தாயைக் கண்விழிக்க வைத்துக் கற்றுக்கொண்டதைச் சொல்லாமல் கொள்ளாமல் மறந்துவிட்டதே! நல்ல காற்று என்று நம்பி மலைக்குக் கூட்டிப்போனதே வினையாகிவிட்டதே!

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள், "கிணறு மூடித்தானே கிடந்தது, எங்கிருந்து வந்தது இந்தக் கொசு?" என்று பக்கத்து வீட்டுப் புஷ்பத்திடம் அழுதாள்.

புஷ்பம் விழித்தாள். "யாரு சொன்னது? நீ போன மூணாம் மாசமே பம்பு கெட்டுப்போச்சு. அன்னிலேந்து கெணறு தெறந்துதான் கெடந்துச்சு. நீ வர்றேன்னு லெட்டர் வந்தப்புறம்தான் உன் தம்பி பம்பைச் சரிபண்ணிப் பலகையைப் போட்டாரு."

லூயிசா சரியாகப் பொருந்தாமல் கிடந்த பலகையை நகர்த்தி வாளியை இறக்கினாள். மேலே வந்த தண்ணீரில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. மாதா பேரில் சத்தியம் செய்தவன். இருபது கடிதம் எழுதியவன். கூடப் பிறந்தவன்!

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனைப் பிடித்துக்கொண்டாள். "என் பொண்ணைக் கொல்லப் பார்த்தியேடா, பாவி!"

"சண்டைக் காலம்க்கா, பம்புக்கு ரொம்ப நாள் சாமான் கெடைக்கல. சொன்னா நீ திட்டுவேன்னு..."

"இனிமே என் மூஞ்சியில முழிக்காதே. போ!"

விக்டர் படியிறங்கிப் போனான். அவன் முதுகைப் பார்த்தும் அவள் மனம் இளகவில்லை.

அதற்கு நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. அல்போன்சா கண் திறந்து, கஞ்சி குடித்து, சுற்றுமுற்றும் பார்த்தாள். "மாமா எங்கேம்மா?"

"அவன் பேச்சை எடுக்காதே கண்ணு. உன் மாமாவாலதான் உனக்கு இந்தக் கதி."

குழந்தை தலையணையில் தலையை அசைத்தாள். குரல் எழும்பவில்லை, லூயிசா குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

"மாமா ரெண்டு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு சொல்லிச்சு. நான் கேட்டுக்கினுதான் படுத்திருந்தேன். நீதான் சிரிச்சே."